கிக்-ஆஃபுக்கு முந்தின ஒரு மணி நேரம்: ஹெய்சல் 1985ல நடந்தது என்ன, நம்ம பொட்டல்ல நாம செய்ய வேண்டியது என்ன

1985 மே 29, புதன்கிழமை. பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ் நகரம், ஹெய்சல் ஸ்டேடியம். ஐரோப்பியக் கோப்பை ஃபைனல், இங்கிலாந்தோட லிவர்பூலும் இத்தாலியோட யுவென்டஸும் ஆடணும், கிக்-ஆஃப் ராத்திரி 8.15க்கு. அதுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கேலரியில ரெண்டு பக்க ரசிகர்களுக்கும் தகராறாகி, அந்த நெரிசல்ல 39 பேரு உயிர் போச்சு, சுமார் 600 பேருக்குக் காயம். செத்தவங்கள்ல 32 பேரு இத்தாலிக்காரங்க, 4 பேரு பெல்ஜியம், 2 பேரு பிரான்ஸ், ஒருத்தரு வட அயர்லாந்து. அப்பாவோட மேட்ச் பாக்க வந்த 11 வயசுப் பையன் ஒருத்தன், அப்பனும் மகனும் ரெண்டு பேருமே வீடு திரும்பல. பந்து அதுவரைக்கும் ஒரு தடவை கூட உருளல.

காரைக்குடி நூறடி ரோட்டுல சாயங்காலம் நின்னீங்கன்னா லிவர்பூல் சிவப்பு பனியன் போட்ட பய ஒருத்தன் பைக்ல போவான், முதுகுல ரொனால்டோ பேரு போட்ட கறுப்பு வெள்ளை யுவென்டஸ் பனியன்ல இன்னொருத்தன் டீக்கடையில நிப்பான். ரெண்டு பேர்ட்டயும் ஹெய்சல்னு சொன்னா முக்காவாசி தெரியாது, தெரிஞ்சாலும் "அதாண்ணே, இங்கிலீஷ்காரய்ங்க குடிச்சுட்டு அடிச்சாய்ங்கள்ல"ம்பாய்ங்க. அதோட கதை முடிஞ்சிரும். அப்படி முடிச்சுரக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன். போன கோடையில நம்ம பக்கத்து செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுற கால்பந்து) டோர்னமெண்ட் ஒண்ணுல நடந்த தகராறுக்கும் எல்லாரும் இதே தீர்ப்பத்தான் சொன்னாங்க, குடிகாரப் பயலுக, ரவுடிப் பயலுக, அவ்ளோதான். நான் இந்தப் பக்கம் மேட்சுகளுக்கு விசில் ஊதுறவன், அன்னைக்கும் அங்கதான் இருந்தேன், அதையும் பின்னாடி விவரமா சொல்றேன். மொதல்ல ஹெய்சல்.

தகராறுக்கு முந்தின கதை

ஒரு வருஷம் முன்னாடி, 1984 ஃபைனல் ரோம் நகரத்துல நடந்துச்சு, லிவர்பூலும் ரோமாவும். ரோமா சொந்த ஊரு ஸ்டேடியம். பெனால்டி ஷூட்-அவுட்ல லிவர்பூல் ஜெயிச்சதும் வெளிய வந்த லிவர்பூல் ரசிகர்கள ரோமா ரசிகர்கள் தெருத்தெருவா விரட்டி அடிச்சாங்க, கத்திக்குத்தெல்லாம் நடந்துச்சு. அந்தக் கோவம் ஒரு வருஷமா உள்ள கனன்டுக்கிட்டே இருந்துச்சு. இதுல யுவென்டஸ்காரனுக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது, அவன் டூரின் நகரத்துக்காரன், ரோமாவ அவனுக்கே பிடிக்காது. ஆனா கோவத்துல இருக்கவனுக்கு எதுக்க நிக்கிறவன் இத்தாலிக்காரனா இருந்தாப் போதும்.

ஸ்டேடியத்தப் பத்தி சொல்லணும். 1930ல தெறந்தது, அப்பவே 55 வயசு. பராமரிப்பு படுமோசம். வெளிச்சுவரு சில எடத்துல எவ்ளோ பலவீனம்னா, டிக்கெட் இல்லாதவங்க காலால எத்தி ஓட்டை போட்டு உள்ள நுழைஞ்சிருக்காங்க. படிக்கட்டுக் காங்கிரீட்டு உதிர்ந்து கெடந்துச்சு, குனிஞ்சா கைக்கு ஒரு கல்லு. இத முன்கூட்டியே பாத்துட்டு, இந்த எடம் சரிப்படாது, டிக்கெட் பிரிச்ச விதமும் சரியில்லைன்னு லிவர்பூல் க்ளப் நிர்வாகத்துலயிருந்தே ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஈஎஃப்ஏவுக்குச் சொல்லியிருக்காங்க. யாரும் காதுல வாங்கல.

அதுக்கு 18 நாள் முன்னாடிதான், மே 11ஆம் தேதி, இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு மைதானத்துல பழைய மரக் கேலரி தீப்பிடிச்சு 56 பேரு செத்திருந்தாங்க. அங்க ரசிகர் சண்டை எதுவும் கெடையாது. பழைய கட்டடம் ஆளக் கொல்லும்னு ஐரோப்பா முழுக்கத் தெரிஞ்ச மாசம் அது.

இசட் பிளாக்

ஹெய்சல்ல எல்லாமே இந்த ஒரு பிளாக்குலதான் இருக்கு, அதனால இங்க கொஞ்சம் நின்னு பாப்போம்.

ஒரு கோல்போஸ்ட்டுக்குப் பின்னாடி இருந்த நின்னுக்கிட்டே பாக்குற கேலரி மூணு துண்டா பிரிஞ்சிருந்துச்சு, எக்ஸ், ஒய், இசட். எக்ஸும் ஒய்யும் லிவர்பூலுக்கு. யுவென்டஸுக்கு நேர் எதிர்ப்பக்க கோல்போஸ்ட்டுக்குப் பின்னாடி எம், என், ஓ பிளாக்குக. பேப்பர்ல பாத்தா நல்ல ஏற்பாடுதான், நடுவுல முழு மைதானமே இருக்கே. ஆனா லிவர்பூலுக்குப் பக்கத்துல மிச்சமிருந்த இசட்ட "பொதுவான ரசிகர்களுக்கு"ன்னு ஒதுக்கி டிக்கெட்ட பெல்ஜியத்துலயே வித்தாங்க. பிரஸ்ஸல்ஸ்ல யாரு இருக்கா? சுரங்க வேலைக்கும் ஃபேக்டரி வேலைக்கும் குடிபோன இத்தாலிக் குடும்பங்க ஏராளம். அவங்க சொந்த நாட்டு டீம் ஃபைனல் ஆடுது, வீட்டுக்குப் பக்கத்துலயே நடக்குது, வாங்காம இருப்பாங்களா? கள்ள மார்க்கெட்ல வித்தவங்க, டிராவல் ஏஜென்ட்டுங்க மூலமாவும் இத்தாலியிலயிருந்து வந்தவங்க கைக்கு அதே டிக்கெட்டுகதான் போச்சு. கடைசியில லிவர்பூல் கூட்டத்துக்கு ஒட்டினாப்புல இருந்த பொது பிளாக் யுவென்டஸ் பிளாக்காவே ஆயிருச்சு. அதுவும் எப்படிப்பட்ட ஆளுக? எதிர்ப்பக்கம் நின்ன முரட்டு ரசிகர் கூட்டம் இல்ல, குடும்பத்தோட வந்தவங்க, அப்பன் மகன், அண்ணன் தம்பி, சண்டைக்குன்னு வராதவங்க.

இவங்களையும் லிவர்பூல் கூட்டத்தையும் பிரிச்சது என்ன தெரியுமா? கோழிக்கூட்டுக்குக் கட்டுற வலை மாதிரி ஒரு கம்பி வலை, அத ஒட்டி நாலு முழம் எடம், அங்கன ஒண்ணு ரெண்டு போலீஸ். அவ்ளோதான். போலீசே ரெண்டு தனித்தனிப் படையா மைதானத்த ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டு நின்னாங்க, ஒருத்தர் பக்கம் நடக்குறது இன்னொருத்தருக்குத் தெரியல.

சாயங்காலத்துலயிருந்து ரெண்டு கூட்டமும் உள்ள வந்து நிக்குது. பகல் பூரா வெயில், பகல் பூரா குடி, இன்னும் மேட்ச் ஆரம்பிக்க நேரம் கெடக்கு, செய்யுறதுக்கு ஒரு வேலையும் இல்ல, பக்கத்துல வலைக்கு அங்கிட்டு எதிராளி. மொதல்ல வசவு, அப்பறம் பாட்டிலு, அப்பறம் காலடியில கெடந்த காங்கிரீட்டுத் துண்டு, ரெண்டு பக்கமும் எறிஞ்சாங்க. ஏழு மணிக்கு மேல லிவர்பூல் பக்கத்துலயிருந்து ஒரு கூட்டம் வலையத் தள்ளிச் சாச்சுட்டு இசட்டுக்குள்ள பாஞ்சுச்சு. அந்தக் காலத்து இங்கிலாந்து மைதானங்கள்ல இது ஒரு வழக்கம், பாய்வாங்க, எதிராளி பின்வாங்குவான், எடத்தப் பிடிச்சாச்சுன்னு சத்தம் போட்டுட்டுத் திரும்பிருவாங்க. ஆனா இங்க பின்வாங்கினவங்களுக்குப் போக எடம் இல்ல. பின்னாடி இருந்தது ஒரு பழைய சுவரு.

நூத்துக்கணக்கான பேரு ஒரே நேரத்துல அந்தச் சுவரு மூலைக்கு ஓடினாங்க. மேல நின்னவங்க எறங்க, கீழ நின்னவங்க மேல சரிய, விழுந்தவங்க மேல மத்தவங்க விழ, இதான் நடந்துச்சு. ரொம்பப் பேரு இன்னைக்கும் சுவரு இடிஞ்சு விழுந்துதான் 39 பேரு செத்தாங்கன்னு நெனக்கிறாங்க. அப்படி இல்ல. பெரும்பாலானவங்க சுவரு விழுறதுக்கு முன்னாடியே மூச்சு முட்டிச் செத்தாங்க, சுவரு விழுந்ததால அழுத்தம் கொறஞ்சு பல பேரு தப்பிச்சாங்கன்னுதான் சொல்லணும். கூட்ட நெரிசல்ல மிதிபட்டுச் சாகுறவங்கள விட மூச்சு விட முடியாமச் சாகுறவங்கதான் அதிகம். சதுர மீட்டருக்கு ஆறு ஏழு பேருன்னு நெருங்கிட்டாலே தனி மனுசன் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது, கூட்டம் தள்ளுற பக்கம் போகணும், நெஞ்சு விரிய எடம் இருக்காது, நின்ன வாக்குலயே உயிரு போயிரும். முன்னாடி என்ன நடக்குதுன்னு பின்னாடி தள்ளுறவனுக்குத் தெரியவே தெரியாது. மஞ்சுவிரட்டுக்கோ தேருக்கோ கூட்டத்துக்குள்ள மாட்டினவங்களுக்கு இந்த நெலம புரியும்.

அதுக்கப்பறமும் மேட்ச் நடந்துச்சு

எதிர்ப்பக்கம் நின்ன யுவென்டஸ் ரசிகர்களுக்கு விஷயம் தெரிஞ்சதும் மைதானத்துக்குள்ள எறங்கி லிவர்பூல் பக்கம் ஓடி வந்தாங்க, போலீஸ் குறுக்க நின்னுச்சு, கல்லும் தடியுமா ரொம்ப நேரம் போச்சு. ரெண்டு கேப்டன்களும், லிவர்பூல் ஃபில் நீலும் யுவென்டஸ் கேயட்டானோ ஷிரியாவும், மைக்ல பேசி அமைதியா இருங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. இப்ப மேட்ச நிறுத்தி இவ்ளோ கூட்டத்தையும் ஒரே நேரத்துல தெருவுக்கு அனுப்பினா இன்னும் பெரிய சண்டை ஆகும்னு யூஈஎஃப்ஏவும் நகர நிர்வாகமும் போலீசும் முடிவு பண்ணி ஆடச் சொன்னாங்க. 9.40 வாக்குல ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது பாதியில யுவென்டஸ் வீரர் போனியெக்க பெனால்டி ஏரியாவுக்கு வெளிய தட்டிவிட்டதுக்கு ரெஃப்ரி பெனால்டி குடுத்தாரு, பிளாட்டினி அடிச்சாரு, யுவென்டஸ் 1-0.

விசில் ஊதுறவன்ங்கற மொறையில இத நான் நிறைய யோசிச்சிருக்கேன். ஆட வச்சது சரின்னே எனக்குப் படுது, மனசு ஒப்பாட்டாலும் சரிதான். 58 ஆயிரம் பேருகிட்ட ஏறக்குறைய இருந்த கூட்டம், அத்தனை பேரையும் இருட்டுல வெறியோட வெளிய விட்டிருந்தா பிரஸ்ஸல்ஸ் தெருவுல என்ன ஆயிருக்கும்? ஆனா அந்தக் கோப்பையத் தூக்கிக்கிட்டு மைதானத்தச் சுத்தினத என்னால ஏத்துக்க முடியல. வெளிய பிணங்கள வரிசையாப் படுக்க வச்சிருக்காங்க அந்நேரம்.

யாரு பொறுப்பு

ஆரம்பத்துல யூஈஎஃப்ஏ தரப்பு முழுப் பழியையும் இங்கிலீஷ் ரசிகர்கள் மேலதான் போட்டுச்சு. இங்கிலீஷ் க்ளப்புக எல்லாத்தையும் ஐரோப்பியப் போட்டிகள்ல இருந்து காலவரையறை இல்லாமத் தடை பண்ணாங்க, அது அஞ்சு வருஷத்துல முடிஞ்சு 1990ல மத்தவங்க திரும்பினாங்க, லிவர்பூலுக்கு மட்டும் ஒரு வருஷம் கூடுதல். பெல்ஜியத்துல ஒரு நீதிபதி 18 மாசம் விசாரிச்சுட்டு, ரசிகர்கள் மேல மட்டும் பழி போட முடியாது, போலீசுக்கும் கால்பந்து நிர்வாகிகளுக்கும் பங்கு இருக்குன்னு அறிக்கை குடுத்தாங்க. 1989 ஏப்ரல்ல தீர்ப்பு வந்துச்சு, 14 லிவர்பூல் ரசிகர்களுக்கு மூணு வருஷத் தண்டனை, அதுல பாதி நிறுத்தி வச்சாங்க. பெல்ஜியக் கால்பந்து சங்கத்துல செயலாளரா இருந்தவருக்கும் அந்தப் பக்கக் காவலுக்குப் பொறுப்பா இருந்த போலீஸ் கேப்டனுக்கும் கூட நிறுத்தி வச்ச தண்டனை கெடச்சுச்சு.

வலையத் தாண்டிப் பாஞ்சவன் குத்தவாளிதான், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. பாயாம இருந்திருந்தா 39 பேரும் இருந்திருப்பாங்க. ஆனா பாஞ்சவனப் பிடிச்சு உள்ள போட்டுட்டா அடுத்த மேட்ச் பத்திரமாயிருமா? அதே சுவரு, அதே வலை, அதே டிக்கெட்டு, வேற ஆளுக பாய்வாங்க. வெறுப்பு எல்லா மைதானத்துலயும் இருக்கு, உலகம் பூரா இருக்கு, அது உசுரக் குடிக்குற எடம் எதுன்னு முடிவு பண்றது மேட்சுக்கு முந்தின நாள் வரைக்கும் ஏற்பாடு பண்றவங்க கையில இருக்கு. இதான் நான் சொல்ல வந்த விஷயம்.

போன கோடையில நம்ம பக்கம்

ஊரு பேரு போடல, ரெண்டு ஊரும் இதப் படிக்கும். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவுல உள்ளடங்கின ஒரு கண்மாய்ப் பொட்டல், செவன்ஸ் டோர்னமெண்ட் ஃபைனல். ஒண்ணு கிழக்கூரு டீமு, இன்னொண்ணு மேக்கூரு டீமு, அப்படியே சொல்லிக்கிறேன். சாயங்காலம் நாலரைக்கு மேட்ச்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. பரிசு குடுக்க வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வந்தாத்தான் ஆரம்பிக்கணும்னு கமிட்டி முடிவு. அவரு வேற ஒரு விசேஷத்துல மாட்டிக்கிட்டாரு, இந்தா வந்துட்டாரு, அந்தா வந்துட்டாருன்னு அஞ்சே முக்கால் ஆயிருச்சு.

பொட்டலுக்கு வண்டிப்பாதை ஒண்ணே ஒண்ணு, கண்மாய்க் கரை மேல. கிழக்கூருப் பயலுக முன்னாடியே வந்து கரைய ஒட்டி இருந்த வேப்பமர நெழலப் பிடிச்சிட்டாய்ங்க. மேக்கூருக்காரய்ங்க லேட்டா, குட்டியானையில டிரம்செட்டு வச்சு, முப்பது பைக்கு முன்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றாய்ங்க. உள்ள வர வேற வழியே கெடையாது, கிழக்கூரு கூட்டத்தப் பொளந்துக்கிட்டுத்தான் வரணும். குட்டியானை அங்கன வந்ததும் மெதுவாகி நின்னுருச்சு, டிரம்ஸு நிக்கல. எவனோ குச்சிய எறிஞ்சான். எவனோ தண்ணி பாக்கெட்ட எறிஞ்சான். அப்பறம் கல்லு, பொட்டல்ல கல்லுக்கா பஞ்சம்.

அப்ப ஒண்ணு பாத்தேன். கிழக்கூருப் பய ஒருத்தன், இருபது வயசு இருக்கும், கையில செங்கல்லுத் துண்டு, ஓங்கிட்டான். பின்னாடியிருந்து வேட்டிய மடிச்சுக் கட்டின ஒரு பெரியவரு அவன் மணிக்கட்டப் பிடிச்சாரு, அடிக்கல, திட்டல, பிடிச்சது மட்டுந்தான்.

"யாருடா வண்டியில நிக்கிறது பாத்தியா? உங்க அக்காவக் கட்டின வீட்டுப் பய."

"நீங்க விடுங்க மாமா, அவிய்ங்கதான் மொதல்ல..."

"மொதல்ல யாரா இருந்தா என்ன, நாளைக்கு அந்த வீட்டு வாசல்ல நீ போயி நிக்கணும்ல. கீழ போடு."

அந்தப் பய கல்லப் போட்டான். ஆனா மாமன் இல்லாதவன் கையில இருந்த கல்லு எல்லாம் போச்சு, டிரம்ஸ் அடிச்சவரு நெத்தி பிளந்து ஏழு தையலு, அவரு ரெண்டு ஊரும் இல்ல, வாடகைக்கு வந்தவரு. கூட்டம் கயித்த இழுத்துக்கிட்டு கிரவுண்டுக்குள்ள ஓடினதுல சவுக்குக் கம்போட சாஞ்சு சின்னப் புள்ளைங்க ரெண்டு பேருக்கு அடி. 108 வந்துச்சு, கரை மேல பைக்கு நின்னதால உள்ள வர முடியல, காயம்பட்டவரக் கயித்துக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. மேட்ச் நடக்கல. ரெண்டு ஊருக்கும் பேச்சு வார்த்தை முடிய தீவாளி ஆயிருச்சு.

ஹெய்சலோட இதச் சேத்துப் பேசுறது பெருசு பண்றதுன்னு சில பேரு நெனக்கலாம். அளவு வேற, நானும் ஒத்துக்கிறேன். ஆனா எனக்கு ரெண்டுலயும் ஒரே நாலு விஷயந்தான் கண்ணுக்குத் தெரியுது: ரொம்ப நேரம் சும்மா காத்திருந்தது, எதிராளிங்க ஒட்டி ஒட்டி நின்னது, பின்வாங்க எடம் இல்லாதது, கைக்கு எட்டுற தூரத்துல கல்லு. கண்மாய்க்கு அன்னைக்குத் தண்ணி இல்ல. ஐப்பசி கார்த்திகையா இருந்து அந்தக் கரையிலயிருந்து கூட்டம் சரிஞ்சிருந்தா?

வெளியூர்க்காரனத் தடுத்துட்டா சரியாயிருமா

நம்ம கமிட்டியில வந்த மொத யோசனை, அடுத்த வருஷம் ஒரு ஊரு ரசிகர்கள உள்ள விடக் கூடாதுங்கறது. இத ஏற்கெனவே செஞ்சு பாத்த நாடு இருக்கு. அர்ஜென்டினாவுல 2013லயிருந்து பல வருஷம் வெளி டீம் ரசிகர்களுக்கு மைதானத்துல அனுமதி இல்லைங்கறதுதான் நடைமுறையா இருந்துச்சு. 2018ல தென் அமெரிக்க க்ளப்புகளுக்கான கோபா லிபர்டடோரஸ் ஃபைனல்ல பியூனஸ் ஐரஸ் நகரத்து ரெண்டு பெரிய டீமும், போகா ஜூனியர்ஸும் ரிவர் பிளேட்டும் மோதினாங்க. மொத ஆட்டம் 2-2. ரெண்டாவது ஆட்டம் நவம்பர் 24, ரிவர் மைதானத்துல, போகா ரசிகர் ஒருத்தர் கூட உள்ள இல்ல. ஆனா போகா வீரர்கள் வந்த பஸ்ஸு ரிவர் ரசிகர்கள் கூடி நின்ன தெருமுக்கு வழியா வந்துச்சு. கல்லும் பாட்டிலும் பறந்து ஜன்னல் ஒடைஞ்சு, போலீஸ் அடிச்ச கண்ணீர்ப்புகை பஸ்ஸுக்குள்ளயே போயி, போகா கேப்டன் பாப்லோ பெரஸுக்குக் கண்ணுல காயம். மணிக்கணக்கா ஆட்டத்தத் தள்ளித் தள்ளி வச்சு, மறுநாளைக்கு மாத்தி, அதுவும் நடக்காம, கடைசியில டிசம்பர் 9ஆம் தேதி கடல் தாண்டி ஸ்பெயின்ல மாட்ரிட் நகரத்துல ஆடினாங்க. ரிவர் 3-1. தென் அமெரிக்காவோட கோப்பை ஐரோப்பாவுல! எதிர் ரசிகரையே உள்ள விடாம, அந்த ஒரு தெருமுக்க மட்டும் கோட்ட விட்டதுக்கு இந்த வெல.

2022 அக்டோபர் 1ஆம் தேதி இந்தோனேசியா கஞ்சுருஹான் மைதானத்துலயும் எதிர் டீம் ரசிகர்களுக்கு அனுமதி இல்ல. சொந்த டீம் தோத்ததும் உள்ள எறங்கின ரசிகர்கள் மேல போலீஸ் கண்ணீர்ப்புகை போட, கேட்டு வழியா வெளியேற முடியாம 135 பேரு செத்தாங்க.

சரி, வேலிய நல்லா கெட்டியாப் போட்டா? அதுவும் பாத்தாச்சு. 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்து ஹில்ஸ்பரோ மைதானம், மறுபடியும் லிவர்பூல் ரசிகர்கள், இந்தத் தடவை அவங்கதான் பலி. ரசிகர்கள் கிரவுண்டுக்குள்ள எறங்கக் கூடாதுன்னு போட்ட இரும்பு வேலி, உள்ள அளவுக்கு மீறி ஆள விட்டுட்டாங்க, அந்த வேலியிலேயே நசுங்கி 97 பேரு. அங்க சண்டையே நடக்கல. ஆனாலும் பல வருஷம் ரசிகர்கள் மேலயே பழி, 2016ல தான் விசாரணை மன்றம் ரசிகர்கள் மேல தப்பில்லைன்னு சொல்லுச்சு. ஹெய்சல்ல வேலி சாஞ்சதால சாவு, ஹில்ஸ்பரோவுல வேலி சாயாததால சாவு. அப்ப வேலி பதிலு இல்ல. ஆளுகளப் பிரிக்க வேண்டியது வெறும் எடம், ஆளு நிக்காத காலி எடம். அந்த எடத்துல ரெண்டு பக்கமும் மதிக்கிற மனுசங்க.

கொல்கத்தாவுல 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ், ஈஸ்ட் பெங்கால் மோகன் பகான் ஆட்டம். ரெண்டு டீம் ரசிகர்களும் ஒரே கேலரியில கலந்து உக்காந்திருந்தாங்க, ஆட்டத்துல ஒரு மோதல் வந்ததும் கேலரிக்குள்ளயே அடிதடி, 16 பேரு செத்தாங்க. அந்த நாள இன்னைக்கும் ரத்ததானம் பண்ணி நெனவு வச்சிருக்காங்க. அதே ஊருல 2024 ஆகஸ்ட்ல, பயிற்சி டாக்டர் பொண்ணுக்கு நடந்த கொடுமைக்காக ஊரே கொதிச்சப்ப, டூரண்ட் கோப்பையில நடக்க இருந்த இந்த ரெண்டு டீம் ஆட்டத்த ரத்து பண்ணாங்க. 18ஆம் தேதி ரெண்டு க்ளப் ரசிகர்களும் சால்ட் லேக் ஸ்டேடியம் வாசல்ல ஒண்ணா நின்னு நியாயம் கேட்டாங்க, போலீஸ் தடியடியும் ஒண்ணா வாங்கினாங்க. பரம வைரிங்கன்னு சொல்றோமே, அந்தாளுகதான். நம்ம கிழக்கூரும் மேக்கூரும் கொண்டு குடுத்து வாழுற ஊருக. அதுக்கும் மேலயா?

இந்த வருஷத்துக்கு நான் கேக்குறது

டோர்னமெண்ட வேண்டாம்னு சொல்றவங்க பேச்ச நான் ஏத்துக்க மாட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல இந்தப் பயலுகளுக்கு இந்தப் பக்கம் வேற என்ன இருக்கு? பொட்டல்ல பந்து ஒதைக்குறதுதான் அவிய்ங்களுக்கு இருக்க ஒரே நல்ல பொழுது.

நேரம்தான் மொதல்ல. நாலரைன்னா நாலரை, விருந்தினர் வந்தாலும் வராட்டியும் நான் விசில் ஊதிருவேன், பரிசு குடுக்கும்போது அவரு வந்தாப் போதும். காத்திருக்கணும்னு வந்துருச்சுன்னா அந்த நேரத்துக்குச் சின்னப் பயலுக ஆட்டம் ஒண்ணு வச்சிருங்க, கூட்டத்துக் கண்ணு பந்து மேலயே இருக்கட்டும். தெற்குப் பக்கம் கருவேலமுள்ள வெட்டிட்டா ஒரு பாதை கெடைக்கும், ரெண்டு நாள் ஜேசிபி வாடகைதான், மேக்கூரு அந்த வழியா வரட்டும், கிழக்கூரு கரை வழியா. கரை மேல ஒரு பைக்கு கூட நிக்கக் கூடாது, அது 108க்கு. ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல பதினஞ்சு அடிக்குக் கொறையாம எடம் விட்டு ரெண்டு பக்கமும் கயிறு கட்டணும், அந்த நடு எடத்துல வெளியூரு வாலண்டியர் வேண்டாம், ரெண்டு ஊர்லயும் சம்பந்தம் பண்ணின மாமன் மச்சான்மாரு நிக்கணும், ஊருக்கு அஞ்சு பேராச்சும். அன்னைக்கு அந்தப் பெரியவரு ஒருத்தரு ஒரு கல்லத் தடுத்தாரு, பத்துப் பேரு இருந்தா? மொத நாளு பள்ளிக்கூடப் பயலுகள வச்சு பொட்டல்ல கெடக்குற கல்லையும் செங்கல்லையும் பொறுக்கி டிராக்டர்ல ஏத்திரணும். டிரம்செட்டுக்குத் தடை போட வேண்டாம், அது இல்லாம ஃபைனல் என்னத்துக்கு, ஆனா வண்டியில அடிச்சுக்கிட்டு உள்ள வரக் கூடாது, அவங்கவங்க பக்கம் போயி நின்னப்பறம் அடிக்கட்டும். சாராயம் குடிச்சவன வாசல்லயே திருப்பி அனுப்புறது அந்தந்த ஊரு ஆளுக பொறுப்பு. ஸ்டேஷன்ல ஒரு வாரம் முன்னாடி எழுதிக் குடுத்து, எங்க எத்தன பேரு நிக்கணும்னு வரைபடத்தோட சொல்லிரணும், "பாதுகாப்பு தேவை"ன்னு ஒத்த வரி மனுவால ஒரு பிரயோசனமும் இல்ல.

டிரம்ஸ் அடிச்சவருக்கு ஆசுபத்திரிச் செலவு இன்னும் முழுசா யாரும் குடுக்கல. ரெண்டு ஊரும் பாதிப் பாதி போட்டு அத இந்த டோர்னமெண்ட் நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி குடுத்து முடிக்கணும், அப்பதான் நான் விசில் எடுப்பேன்னு கமிட்டியில சொல்லிட்டேன். மீட்டிங் வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஊருணிக் கரை மண்டபத்துல. மேக்கூருலயிருந்து இதுவரைக்கும் மூணு பேரு வர்றதாச் சொல்லியிருக்காங்க, கிழக்கூருலயிருந்து இன்னும் பேரு வரல.